இரைக்கென வளர்க்கும் உயிர்

உயிர்கள் ஒன்றையொன்று தின்று வாழ்தல் உலகியற்கை. புலி மானைக் கோடலும், கொக்கு மீனைக் கவர்தலும், பல்லி விட்டிலைப் பற்றலும் நாம் நாடோறும் காண்பனவும் கேட்பனவுமாம். அவற்றின்கண் அறமும் மறமும் ஆராய்வார் இலர். தின்னும் உயிர்க்கு அது தன் உடம்பின் அமைப்பால் வகுக்கப்பட்ட ஊணாகலின். ஆயின், ஓருயிர்க்கு இரையாக்குதற்பொருட்டே பிறிதோருயிரை மனையகத்து வைத்து, உணவும் நீரும் ஊட்டி, வெம்மை காத்து, இனம் பெருக்கி வளர்த்து, வேண்டும்பொழுது வேண்டுமளவு எடுத்து இடுவான் ஒருவன் இவ்விரண்டற்கும் இடையே புகுவானாயின், அவன் செயலையும் உலகியற்கை என்று விடுத்தல் ஒல்லுமோ? அவ்விடைநிற்போனுக்கு எய்தும் வினை யாது, அவனுக்குரிய கடன் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்கு ஏதுவாயது அன்பர் ஒருவர் நமக்கு விடுத்த திருமுகம். அவர் கும்பகோணத்தையடுத்த சிற்றூரினர். தலைமுறை பலவாகப் புலால் புகாத சைவ மனையினர். அவர் பேரன் சென்னையிற் பயிலுங்காலத்து ஆசுத்திரேலிய நாட்டு ஓணான் வகையுள் ஒன்றை விலைக்கு வாங்கி, ஊருக்குக் கொணர்ந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கின்றான். மோவாயின்கீழ் முள்ளொத்த செதில்கள் நிரைநிரையாக நிற்றலின் அதனைத் தாடியோணான் என்ப. அதற்கு இரையாகச் சுவர்க்கோழிகள் நூற்றுக்கணக்கில் உயிரொடு வருவிக்கப்பட்டு, அடுக்களைக்குப் பின்னுள்ள அறையில் வேறொரு பெட்டியில் இருக்கின்றன. இரவெல்லாம் அவற்றின் ஒலி; பகலெல்லாம் அப்பெட்டியின் நாற்றம். “பூசையறைக்குப் பத்தடி தூரத்திற் கொலைக்களமா?” என்று மனைக்கு மூத்த அம்மையார் வினவ, “கொல்வது நானன்று பாட்டி, ஓணான்” என்று பேரன் விடையிறுத்தனன். இருவருள் யார் கூறியது தக்கது என்று அன்பர் கேட்கின்றார்.

சட்டத்தைப் பற்றிய செய்தியை முதற்கண் சுருங்கக் கூறி விடுகின்றாம். நம் நாட்டு உடும்பு, பச்சோந்தி, நட்சத்திர ஆமை முதலியவற்றை மனைக்கண் வளர்த்தல் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தான் விலக்கப்பட்டது. வேற்றுநாட்டு உயிர்களுள்ளும், அருகிவரும் உயிர்களின் வாணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் அட்டவணைகளில் அடங்கியவற்றை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டுமென 2024ஆம் ஆண்டு விதிகள் கூறும். இவ்வகையிற் பேரன் செய்யக்கடவது யாதேனும் உண்டாயின் அதனை முன்னர் முடித்துக்கொள்க.

இனிச் சுவர்க்கோழியின் இயல்பைச் சிறிது நோக்குவாம். சுவரிடுக்கில் ஒளித்திருந்து இரவிற் கூவுதலின் இச்சிறு பூச்சிக்குக் கோழி என்னும் பெரும்பெயரை நம் முன்னோர் வழங்கினர் போலும். கூவுவது ஆணே, அதுவும் வாயாற் கூவுவதன்று. முன்சிறகிரண்டனையும் ஒன்றன்மேலொன்று உராய்ந்து பெண்ணை அழைக்கும். அவ்வழைப்பைக் கேட்குஞ் செவி தலையில் இல்லை; முன்னங்கால்களின் முழந்தாட்குக் கீழே உளது. பெண் தன் உடலின் கடையில் உள்ள ஊசிபோன்ற உறுப்பை ஈரமண்ணுட் செலுத்தி முட்டையிடும். வெப்பம் 30 பாகையளவில் இருப்பின் முட்டை இரண்டு கிழமைக்குள் பொரிக்கும். குஞ்சு பலமுறை தோலுரித்து ஏறத்தாழ இரண்டு திங்களில் முழுவளர்ச்சி எய்தும். அதன்பின் இரண்டு மூன்று திங்கள் வாழும். ஆதலின் அஃது உண்டு, அஞ்சி, பாடி, இனம் பெருக்கி முடியும் வாழ்நாள் அரையாண்டிற்கு மிகுதல் அரிது.

முட்டையிற் பிறத்தலின் இஃது அண்டசம் என்னும் பிறப்பினது. தொல்காப்பியனார் மரபியலில் சிதலையும் எறும்பையும் மூவறிவுயிராகவும், நண்டையும் தும்பியையும் நாலறிவுயிராகவும் வகுத்தனர். பாடவும் பாட்டைக் கேட்கவும் வல்ல சுவர்க்கோழியை அவ்வகுப்பினுள் எங்கு வைப்பது என்பதனை இலக்கணப் புலவர் ஆராய்வாராக. சித்தாந்திகட்கு அஃது இடர்ப்பாடன்று. உயிர் தான் புகுந்த உடம்பின் அளவினது என்பது சமணர் கொள்கை. நம் ஆசிரியர் அதனைக் கொள்ளாது, உயிர் இயல்பான் வியாபகமுடையது என்றும், ஆணவமலத்தாற் கட்டுண்டு, எடுத்த உடம்பின் அளவாய் நின்று அறியும் என்றும் கூறுவர். எனவே, சிற்றுடம்பு உண்டு. சிற்றுயிர் என்பது இல்லை. யானையின்கண் நின்று அறிவதும் சுவர்க்கோழியின்கண் நின்று அறிவதும் பசு என்னும் ஒரு பொருள் வகையே; வேற்றுமை கருவிகளின் அளவிலே. “பூச்சிதானே” என்னுஞ் சொல்லை நம் சமயத்தார் எளிதிற் சொல்லுதற்கு இயலாமை இதனாற் பெறப்படும்.

மேனாட்டு அறிஞரும் இப்பொழுது இப்பக்கம் திரும்பி வருகின்றனர். 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் நியூயார்க்கில் வெளியிடப்பெற்ற அறிக்கையொன்றில், முதுகெலும்புள்ள உயிர்கட்கெல்லாம் மட்டுமன்றிப் பூச்சிகள் உள்ளிட்ட முதுகெலும்பில்லா உயிர் பலவற்றுக்கும் உணர்வுநிலை இருத்தல் கூடும் என்றும், அங்ஙனம் கூடுமாயின் அவற்றை நடத்துங்கால் அதனைப் புறக்கணித்தல் பொறுப்பின்மையாம் என்றும் அறிவியலாரும் மெய்ந்நூலாருமாகிய பலர் கையொப்பமிட்டனர். ‘கூடும்’ என்ற அளவினே அவர் நின்றனர். அவர் முறைக்கு அதுவே தக்கது. நமக்கு அந்த ஐயமும் இல்லை. ஐயமில்லாத நாம் அவரினும் குறைவாக நடத்தல் நாணுத் தருவது.

இனி, சுவர்க்கோழி இரையாதல் நம் காவிரி நாட்டிற் புதிதோ எனின், அன்று. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் சூன் 12ஆம் நாள் பாசனத்துக்கு நீர் திறத்தல் வழக்காயிற்று. அந்நாள் ஆண்டுதோறும் தவறாது வருவதில்லை என்பதனைக் கடைமடை உழவர் நம்மினும் நன்கறிவர். நீர் வந்து வயலிற் பரவியவுடன், கோடையில் நிலவெடிப்புள் வாழ்ந்த சுவர்க்கோழியும் பிள்ளைப்பூச்சியும் வெளியேறி வரப்பை நோக்கி ஓடும். ஏரின் பின்னே முன்னாளிற் சென்ற கொக்குகள் இந்நாளில் உழுபொறியின் பின்னே வரிசையாகச் சென்று அவற்றைப் பொறுக்கித் தின்னும். நடவு முடிந்தபின் உழவர் குறுக்குக்கழி பொருத்திய கோல்களை வயலில் நாட்டுவர். அவற்றின்மேல் கரிச்சான் வந்தமர்ந்து பூச்சிகளைப் பிடிக்கும். இதனைப் பறவைத் தாங்கி என வேளாண்மைத் துறையினரும் பரிந்துரைக்கின்றனர். இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஆசிய நாட்டு நெல்வயல்களில் வாழும் சிறு சுவர்க்கோழி வகைகளுட் சில, இலைச்சுருட்டுப் புழு முதலியவற்றின் முட்டைகளைத் தின்று பயிர்க்குக் காவலாகின்றன. ஆகவே கரிச்சானின் வாய்ப்படுவது பகையும் ஆகலாம், உறவும் ஆகலாம்.

இவ்வுழவனும் ஒருவகையான் இடைநிற்போனே. பறவையை அழைப்பவன் அவன். எனினும் அவன் நிலைக்கும் பேரன் நிலைக்கும் பெரியதோர் வேற்றுமை உளது. வயலிற் சுவர்க்கோழிக்கு ஓட வரப்பு உண்டு, ஒளிக்க வளை உண்டு, கூவ இரவு உண்டு, கூவக் கேட்டு வரும் பெண்ணும் உண்டு. கொக்கின் கண்ணுக்குத் தப்பினும் தப்பும். பெட்டியில் வைத்து ஓணான்முன் இடப்பெற்ற சுவர்க்கோழிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அது தப்புதற்கு வழியில்லாமை இயற்கையால் நேர்ந்ததன்று. ஒருவன் கைகளால் அமைத்தது.

இதனைச் சித்தாந்த முறையான் நோக்கின் இன்னும் விளங்கும். உயிர்கட்கு அவற்றின் கன்மத்திற்கேற்ப மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் இறைவன் கூட்டுவிப்பன் என்பது நம் துணிபு. தனு உடம்பு; கரணம் கருவிகள்; புவனம் வாழுமிடம்; போகம் நுகர்வு. ஓணானைக் கண்ணாடியுள் வைத்தவன் அதன் தனுவையும் கரணத்தையும் மாற்ற வல்லனல்லன். அதன் புவனத்தையோ முற்றும் மாற்றிவிட்டனன். பாலைநிலத்தில் ஞாயிற்றின் வெயிலிற் காய்ந்த உடம்பு இப்பொழுது மின்விளக்கின்கீழ்க் காய்கின்றது. போகத்தையும் தன் கைக்குள் கொண்டனன். சுவர்க்கோழியின் மாட்டும் அவ்வாறே. இரண்டு உயிர்களின் புவனபோகங்களை ஒருவன் ஏற்றுக்கொண்டபின், “நான் வெறும் பார்வையாளன்” என்று அவன் கூறுதல் யாங்ஙனம் பொருந்தும்?

அற்றேல், சுவர்க்கோழி ஓணான் வாயிற் படுதல் அதன் பிராரத்தம். கன்மத்தை ஊட்டுவோன் இறைவன். பேரன் கருவி மாத்திரையே என்பாரும் உளர். இக்கூற்றைப் பிற இடங்களிலும் நாம் கேட்டதுண்டு. பெரும்பாலும் தாம் செய்ததை மறைக்க விழைவாரிடமிருந்தே கேட்டதுண்டு. ஒருயிர் இன்னவழி துன்புறுதல் அதன் பழவினைப் பயன் என்பது மெய்யே. ஆயின் அத்துன்பத்தைச் செய்வான் தன் கருத்தொடு செய்தலின், அச்செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறுகின்றது. அங்ஙனம் ஆகாதாயின், கொலை செய்தான் ஒருவன் மன்றத்தின்முன் நின்று, “இறந்தான் தன் வினையால் இறந்தான்” என்று கூறி விடுதலை பெறுதல் வேண்டும். வினை மூவகையான் ஏறும்: செய்தலால், செய்வித்தலால், உடம்படுதலால். ஓணான் செய்தது, ஓணான் வாயிலாகச் செய்வித்தவன் பேரன். ஓணானுக்கோ தன் உடம்பு காட்டிய வழியன்றிப் பிறிது தேரும் ஆற்றல் இல்லை. இருவருள்ளும் ஆராய்ந்து விலகும் ஆற்றல் உடையவன் ஒருவனே. ஆதலின் “கொல்வது நானன்று” என்னும் விடை செல்லாது.

மற்றொரு சாரார் இரக்கத்தாற் பிழைபடுவர். ஓணானையும் சைவமாக்கிவிடலாம், கீரையும் பழமும் இட்டுப் பழக்கலாம் என்பர். நாகப் புற்றில் பாலூற்றும் வழக்கம் போல்வதே இது. பாம்பிற்குப் பால் ஊணன்று. பல நாள் நீரின்றி வைத்த பாம்பு பாலைக் குடிக்குமாயின் அது வேட்கையாற் குடித்தது. தாடியோணானின் குட்டிக்குப் பூச்சியே தலைமையான உணவு. அது கிட்டாதாயின் உடல் வளராது மெலிந்து மடியும். இதற்கு மறுதலையாய பிழையும் உண்டு. அமெரிக்க நாட்டு இகுவானா என்னும் பேரோணான் தழையுண்ணி. அதற்குப் பூச்சியும் இறைச்சியும் இட்டு வளர்ப்பார் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றனர். தனு எவ்வாறு அமைந்ததோ அவ்வாறே போகம் அமைதல் வேண்டும். நம் ஒழுக்கத்தை வேற்றுடம்பின்மேல் ஏற்றுதல் அருளன்று.

இவ்விடத்துச் சோழர்குல முதல்வருள் ஒருவனாக எண்ணப்படும் சிபியின் வரலாறு நினைவுக்கு வருகின்றது. பருந்திற்கு அஞ்சிய புறா அவனை அடைக்கலம் புகுந்தது. பருந்தும் வந்து, “இஃது எனக்கு இயற்கையால் அமைந்த இரை; இதனை நீ காப்பாயாயின் யான் பசியான் இறப்பேன்; அவ்விறப்பு நின்னதன்றோ?” என்றது. இக்கதையைப் புறாவைக் காத்த கதையாகவே பலரும் கூறுவர். நாம் வியப்பது, பருந்தின் வழக்கை அரசன் மறாமையே. ‘நீ கொடியை, போ’ என்று அவன் துரத்தினனல்லன். இரண்டு உயிரின் உரிமையையும் ஒருங்கே ஏற்று, இரண்டற்கும் இடையே உள்ள குறையைத் தன் தசையை அரிந்து துலையிலிட்டு நிரப்பினன். இடைநிற்போன் என்னும் நிலையின் விலை அத்துணைப் பெரிது.

சிபியின்பால் புறாவும் பருந்தும் தாமே வந்தன. பேரனோ இரண்டனையும் தானே விலைகொடுத்து வருவித்தான். அரசனுக்கு நேர்ந்தது இடர். இவன் மேற்கொண்டது விருப்பம். தசையை அரிந்து தருக என்று எவரும் அவனைக் கேட்கப் போவதில்லை. ஆயினும் தன் காலத்தையும் உறக்கத்தையும் கைப்பொருளையும் இவ்விரண்டு உயிர்க்கும் அரிந்து தருதல் அவன் கடன் என்பதனை எவர் மறுப்பர்?

“வாரந்தோறும் கோயிலில் விளக்கேற்றி வைத்தாற் பரிகாரமாமோ?” என்றும் அன்பர் ஓரிடத்து வினவியுள்ளார். விளக்கேற்றுதல் நன்று, அதனை யார் விலக்குவர்? பரிகாரம் என்னும் கணக்கிற்கு அது செல்லாது. திருவாரூரில் மனுச்சோழன் மகன் தேர்க்காலிற் பட்டு ஆன்கன்று இறந்தபொழுது, அறியாது நேர்ந்ததற்கு நூல்வழிக் கழுவாய் உண்டென்றே அமைச்சர் எடுத்துரைத்தனர் எனச் சேக்கிழார் பெருமான் அருளிச்செய்வர். அரசன் உடம்பட்டிலன். கன்றை இழந்த ஆவின் துயரை அக்கழுவாய் தீர்க்குமோ என்பதே அவன் கருத்து. அத்திருக்கோயிலின் புறத்தே கல்லில் அமைந்த தேரையும் கன்றையும் இன்றும் காணலாம். அறியாது செய்ததற்கே அந்நிலையாயின், அறிந்து, எண்ணி, நாளொன்றுக்கு இத்துணையென்று வகுத்துச் செய்வதனைத் தொடர்ந்துகொண்டே கழுவாய் தேடுதல் நகைக்கத்தக்கது.

இவ்வாறு கூறுதலான், உயிர்க்கொலையொடு தொடர்புடையார் அனைவரையும் நம் சமயம் புறத்தே நிறுத்திற்று எனக் கொள்ளற்க. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வலைவீசி மீன்பிடித்து வாழ்ந்த அதிபத்தர் அறுபத்துமூவருள் ஒருவர். அவர்க்கு அது குலத்தொழில், குடியின் ஊண். அதனுள்ளும் நாள்தோறும் ஒரு மீனை இறைவனுக்கென்று கடலில் விட்டனர். ஒன்றே அகப்பட்ட நாளிலும் விட்டனர். இக்காலத்தும் இதனோடு ஒருபுடை ஒப்பதோர் காட்சி உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், நஞ்சுடைய பாம்புகளைப் பிடித்துச் சில கிழமை மட்குடங்களில் வைத்து, நஞ்சினை எடுத்தபின் மீளக் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சினின்று முறிமருந்து ஆக்கப்படுகின்றது. நம் நாட்டு உழவர் பலரைக் காத்த மருந்து அது. அடைத்து வைத்தல் அங்கும் உண்டு. ஆயின் அதற்கு எல்லையும் உண்டு, ஏதுவும் உண்டு. சென்னைப் பாம்புப் பண்ணைக்கும், ஊர்வனவற்றின் இனம் அழியாமற் காப்பான் தொடங்கிய முதலைப் பண்ணைக்கும் கூறத்தக்க ஏது வேறு. பேரன் கூறும் ஏதுவோ, “பார்க்க அழகாக இருக்கின்றது” என்பது.

அழகாக இருத்தல் குற்றமோ என்று வினவலாம். குற்றமில்லை. அரவினை அணியாக உடைய பெருமானை வழிபடுவார்க்கு ஊர்வனவற்றின்மேல் அருவருப்பு இன்மையே தகும்; அவ்வகையிற் பேரனை நாம் பாராட்டுகின்றோம். அழகை நுகர்தல் எவ்விடத்து வேட்கையாய்க் கொடிதாகின்றது என்பதே கேள்வி. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டம் மனிதரல்லாத எவ்வுயிரையும் விலங்கு என்றே கொள்கின்றது. அதன் 11ஆம் பிரிவு, கேளிக்கை ஒன்றனையே கருதி ஒருயிரைப் பிறிதோருயிர்க்கு இரையாகுமாறு அடைத்து வைத்தலைக் குற்றமென வகுத்தது. அதனை இயற்றினோர் சுவர்க்கோழியை நினைந்திருத்தல் அரிது. ஆயினும் சொல் விரிந்து கிடக்கின்றது. இரையிடும் நேரத்தில் நண்பரைக் கூட்டிவைத்து, ஓணான் பாய்வதனையும் சுவர்க்கோழி துள்ளுவதனையும் கைகொட்டிக் கண்டு, படம் பிடித்துப் பலர்க்கும் விடுத்தல் இக்காலத்து மிக்கு வருகின்றது. வழக்காடுவோர் எவ்வாறு பொருள்கொள்ளினும், ஊட்டுதலாய் நின்ற செயல் கேளிக்கையாய் மாறும் இடம் அதுவே. பேரன் அது செய்கின்றானா என்பது கடிதத்தில் இல்லை. செய்வானாயின் இன்றே விடுக.

இன்னும் ஒன்று கூறவேண்டும். சுவர்க்கோழிகளைத் தானே பெருக்கி வளர்ப்பான் ஒருவன் அப்பெட்டியின் அளவிற் படைத்தலும் காத்தலும் அழித்தலும் செய்கின்றான். ஈரமண் வைத்துப் பிறப்பிக்கின்றான், ஊட்டிக் காக்கின்றான், எடுத்து ஓணானுக்கு இடுகின்றான். இறைவன் தொழில் ஐந்து. படைத்தல் உயிர்க்கு மலம் பக்குவப்படுதற்பொருட்டு. அழித்தல் பிறவியில் இளைத்த உயிர்க்கு இளைப்பாற்றுதற்பொருட்டு. எல்லாம் அருளலில் முடிவன. இவன் செய்யும் மூன்றனுள் எதுவும் சுவர்க்கோழியின் பொருட்டன்று. மூன்று தொழிலும் கைக்கொண்டு அருளலை மட்டும் ஒழித்தவன் எத்தகையோன்? மிகை என்று இதனைத் தள்ளுவாரும் இருப்பர். பெட்டியைத் திறக்குந்தோறும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

அற்றாயின் யாது செய்யத்தகும்? ஓணானை வயலில் விட்டுவிடலாமோ எனின், கூடாது. வேற்றுநாட்டு உயிர் நம் கார்த்திகை மழையிலும் பனியிலும் தாங்காது மடியும். தாங்குமாயின் நம் நாட்டு உயிர்க்குக் கேடு விளைக்கும். விலைக்கு வந்த சுவர்க்கோழியை வெளியே விடுதலும் அவ்வாறே தகாது. ஓணானைப் பட்டினியிடலாமோ எனின், அது நேரான கொலை. இறந்து உலர்ந்த பூச்சிகளைப் பொதியாக வாங்கின் தீங்கு இல்லையெனச் சிலர் கருதுவர். திருவள்ளுவனார் புலால்மறுத்தற்கண் வாங்குவோன் உளனாதலின் விற்போன் உளன் என்னும் முறையைத் தெளித்துள்ளமையின், அதுவும் கண்மறைவே. தாய்லாந்தில் 1998ஆம் ஆண்டு முதற் பரவிய சுவர்க்கோழிப் பண்ணைகள், மக்கள் உண்ணுதற்பொருட்டு, 2013 அளவில் ஏறத்தாழ 20,000 ஆயின என ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் நூல் கூறும். கொள்வார் பெருகப் பெருகப் பண்ணை பெருகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆகவே ஓணான் உள்ளளவும் அதற்கு ஊட்டியே ஆகவேண்டும். வாங்கியது தவறு என்பது நம் துணிபு. வாங்கியபின் கைவிடுதல் அதனினும் பெருந்தவறு. எஞ்சி நிற்பது சுவர்க்கோழிக்கு அதன் இறுதிநாள் வரையும் செய்யக்கடவ முறை.

இதில் விரிவாகவே கூறுகின்றோம். கடிதத்தினின்று, பெட்டி நன்னிலையில் இல்லையெனத் தெரிகின்றது. சுவர்க்கோழிக்கு ஈரக்கசிவும் நெருக்கமும் நஞ்சு. எச்சம் குவிந்து நனைந்த இடத்திற் காரமான ஆவி எழும். அம்மையார்க்கு நாற்றமாய்த் தோன்றுவது அதுவே. உள்ளிருக்கும் பூச்சிகட்கோ அது மூச்சடைப்பு. ஆதலின் காற்றுப்போக்கிற்கு மூடியில் உலோக வலை பொருத்துக; துணியையும் நெகிழி வலையையும் அவை கடித்தறுத்துவிடும். முட்டை வைக்கும் அட்டைகளை நெடுக்காக நிறுத்துக. ஒளிக்கவும் தனித்திருக்கவும் இடம் மிகும். கிண்ணத்தில் நீர் வைப்பின் விழுந்து மடியும்; நனைத்த பஞ்சோ கிழங்குத் துண்டோ போதும். செத்தவற்றை நாடோறும் எடுத்தெறிக. உணவும் நீரும் குறைந்துழி அவை ஒன்றையொன்று தின்னும். புதிதாகத் தோலுரித்து வெண்மையும் மென்மையுமாய் நிற்பதனையே முதலிற் கொல்லும். நெருக்கி வளர்த்தலின் நோயும் பரவும். ஐரோப்பாவில் 1977இல் அறியப்பட்ட நச்சுயிரி ஒன்று, 2009–10 அளவில் வட அமெரிக்கப் பண்ணைகளிற் புகுந்து சுவர்க்கோழிகளைத் திரள்திரளாக அழித்தது.

எடுக்குங்கால் காலைப் பற்றி இழுக்கலாகாது. அதன் பின்னங்கால் எளிதிற் கழன்றுவிடும். அட்டையோடு எடுத்துக் குலுக்கி வேறு கலத்தில் விழச் செய்க. துள்ளி ஓடாமைப்பொருட்டுப் பின்னங்கால்களை முறித்து இடுவாரும் உளர் எனக் கேள்வியுற்றோம். அதற்கு எவ்வகை அமைதியும் இல்லை. ஓணானின் இரு கண்ணிடையினும் பெரிய பூச்சியை இடலாகாது. ஒரு பொழுதிற் தின்னுமளவே இட்டு, எஞ்சியதை உடனே எடுத்துவிடுக. எடாது விட்டால் அஞ்சி அலமரும் சுவர்க்கோழி இரவெல்லாம் ஒளிந்து கிடப்பதுமன்றிப் பசியால் உறங்கும் ஓணானின் தோலையும் கடித்துப் புண்ணாக்கும்.

இவற்றுட் பலவற்றை ஊர்வன வளர்ப்போர் முன்னரே அறிவர். இரையிடுதற்கு முந்தைய நாள் சுவர்க்கோழிக்குக் கீரையும் காயும் நிறைய ஊட்டுதலும், சுண்ணாம்புச்சத்துப் பொடியை அதன்மேல் தூவுதலும் அவர் முறை. சுவர்க்கோழியின் உடலிற் சுண்ணாம்புச்சத்து குறைவாகலின், அது செய்யாவழி ஓணானுக்கு எலும்பு மென்மையுற்று வளையும். இம்முறை நன்றே. ஆயினும் அவ்வூட்டல் ஓணானின் வயிற்றை நோக்கியதேயன்றிச் சுவர்க்கோழியை நோக்கியதன்று. பலியிடும் கடாவிற்கு மாலை சூட்டியதை ஒக்கும். ஓணானுக்கு இடுதற்கு முந்தைய நாளில் மட்டும் ஊட்டுவான் ஒருவன், முதல்நாள் தொட்டு ஊட்டுவான் மற்றொருவன். இருவர் பெட்டியும் பார்வைக்கு ஒன்றாயினும் உள்ளக்கிடை வேறு. முன்னவனுக்கு அது தீனி. பின்னவனுக்கு அது தன் கைப்பட்ட உயிர்.

கணக்கையும் நோக்குக. குட்டிப்பருவத்து நாளொன்றுக்கு 20 சுவர்க்கோழி என்று வைப்பினும் ஆறு திங்களில் 3,600 உயிர். முழுவளர்ச்சியுற்ற தாடியோணானுக்குக் கீரையும் காயுமே பெரும்பகுதி உணவாதல் வேண்டும். பூச்சி சிறுபகுதியே போதும். மிகையாக இடின் கொழுத்து நோயுறும். பாய்ந்து பிடித்தலைக் காணும் ஆவலால் வளர்ந்த ஓணானுக்கும் குட்டிக்குரிய அளவே இட்டுவருவோர் பலர். அங்குக் குறைக்கத்தக்க கொலை குறைக்கப்படாது நிற்கின்றது. ஆதலின் ஓணானின் அகவையை அறிந்து, ஊர்வனவற்றை நன்கறிந்த கால்நடை மருத்துவரைக் கேட்டு, அளவைத் திங்கள்தோறும் குறைத்து வருக. வீட்டில் சுவர்க்கோழியை இனம் பெருக்குதலை நிறுத்துக. வேண்டிய அளவே வருவித்துக்கொள்க.

தாடியோணான் பத்தாண்டும் அதன்மேலும் வாழ்வது. பேரன் கல்வி முடித்து அலுவல்பற்றி அயலூர் செல்லுங்கால் பெட்டியிரண்டும் அவனை மனைக்கண் எதிர்த்த அம்மையார் கையிலேயே வந்து நிற்கும். அவர் ஊட்டவும் மாட்டார், பட்டினியிடவும் மாட்டார். ஆகலின் அவரையும் உடனிருத்தி, எந்நாள் எவர் இரையிடுவது, எவர் பெட்டி துலக்குவது, பேரன் செல்லுமிடத்திற்கு ஓணானையும் கொண்டு செல்வானா, இனிப் பிறிதொன்று வாங்குவதில்லை என்று உறுதி கூறுவானா என்பவற்றை இப்பொழுதே பேசி முடித்துக்கொள்ளுமாறு அன்பர்க்கு எழுதியிருக்கின்றோம்.